தூத்துக்குடிக் கரையில் கூரை வேலையும் கூலிக் கணக்கும்

தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரை மன்னார் வளைகுடாவை ஒட்டி வடக்கே வேம்பாரிலிருந்து தெற்கே பெரியதாழை வரை நீள்கிறது. முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இக்கரையில் பனை ஓலை, நாட்டு ஓடு, சுண்ணாம்புத் தளம், மங்களூர் ஓடு, கான்கிரீட் என ஐந்து வகைக் கூரைகள் வழங்கி வந்துள்ளன. ஒன்று வந்ததும் மற்றொன்று மறைந்துவிடவில்லை. ஒரே தெருவில் ஐந்தும் இருந்த காலமும் உண்டு. ஒவ்வொரு கூரைக்கும் வேலை செய்பவர் வேறு, வேலை நடக்கும் மாதம் வேறு, கூலியைக் கணக்கிடும் முறையும் வேறு. கூரை போடுகிற நாளின் கூலியை மட்டும் எண்ணுவதா, கூரை நிற்கிற காலம் முழுவதற்குமான கூலியை எண்ணுவதா என்ற கேள்வி இந்த வரலாறு முழுவதிலும் தொடர்கிறது.

மழையும் காற்றும்

தூத்துக்குடி மழை குறைந்த பகுதி. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. அதனால் கூரை வேலைகள் புரட்டாசிக்குள் முடிந்தாக வேண்டும் என்பது பழைய வழக்கம். கேரளத்தைப் போல மாதக்கணக்கில் மழை கொட்டும் இடமாக இல்லாததால், இங்கே செங்குத்தான சரிவு கட்டாயமாகவில்லை. தட்டையான தளம் நிலைபெற்றதற்கு இது முக்கியக் காரணம். மொட்டைமாடியைத் தென் மாவட்டங்களில் ‘தட்டட்டி’ என்று சொல்வதும் உண்டு.

மழையைவிடக் காற்றே கூரைக்குப் பெரிய எதிரி. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாக வீசும் மேற்குக் காற்று சமவெளியைக் கடந்து கடற்கரை வரை வலுவாக வரும். இந்தியாவின் தொடக்ககாலக் காற்றாலைப் பண்ணைகளுள் ஒன்று 1986-ல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அமைந்ததற்கும் இந்தக் காற்றே காரணம். ஓலையையும் ஓட்டையும் தூக்கிவிடக்கூடிய காற்று என்பதால், வேய்வதற்கு ஆகும் நேரத்தோடு இறுக்கிக் கட்டுவதற்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது.

உப்பளங்களில் உற்பத்தி நடப்பதும் மழையில்லாத மாதங்களில்தான். முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில் அதுவும் கடல் அமைதியாக இருக்கும் பங்குனி, சித்திரையை ஒட்டி நடந்தது. எனவே கூரை வேலைக்கு ஆள் தேடுபவர் உப்பளத்தோடும் கடலோடும் போட்டியிட வேண்டியிருந்தது. ஆள் கிடைக்கும் மாதம் எது என்று பார்த்து வேலையைத் தொடங்குவதும் கூலிக் கணக்கின் ஒரு பகுதியாக இருந்தது.

கணக்கின் சொற்கள்

கூரைக் கூலியைப் பேசும் சொற்களில் இக்கரையின் ஆட்சி வரலாறு பதிந்திருக்கிறது. ‘கூலி’ தமிழ்ச் சொல். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கூலி’ என்ற சொல் இதிலிருந்து சென்றது என்பது ஒரு கருத்து. வேலையை முன்நின்று நடத்தும் ‘மேஸ்திரி’ போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. போர்ச்சுக்கீசியர் இக்கரைக்கு 16-ஆம் நூற்றாண்டில் வந்தனர். ஜன்னல், சாவி, ஏலம் ஆகிய சொற்களும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. 1658-ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கு மாறியது. 1825-ல் ஆங்கிலேயர் வசம் நிலையாகச் சேர்ந்தது. அரசுக் கட்டட வேலையைக் குறிக்கும் ‘மராமத்து’, கூலியாளைக் குறிக்கும் ‘மஸ்தூர்’ ஆகியவை அரபு, பாரசீக வழியாக அலுவலக மொழிக்கு வந்தவை. ‘காண்ட்ராக்ட்’, ‘டெண்டர்’, ‘எஸ்டிமேட்’ ஆகியவை ஆங்கிலம் தந்தவை.

கூலியைப் பேசும் முறைகள் மூன்று. ஒரு நாளுக்கு இவ்வளவு என்பது நாள் கூலி. அளவுக்கு இவ்வளவு என்பது சதுரக் கணக்கு. முழு வேலைக்கும் ஒரே தொகை பேசுவது மொத்தக் கூலி, அதாவது காண்ட்ராக்ட். நாள் கூலியில் வேலை இழுத்தால் நட்டம் வீட்டுக்காரருக்கு. சதுரக் கணக்கில் வேலை இழுத்தால் நட்டம் வேலைக்காரருக்கு. காண்ட்ராக்டில் நட்டத்தைத் தாங்குபவர் மேஸ்திரி. ஆனால் அவர் ஆள் குறைத்தோ தரம் குறைத்தோ அதைத் தட்டிவிட இடமுண்டு. எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பது, எதிர்பாராத செலவை யார் தாங்குவது என்பதற்கான ஒப்பந்தமே.

முத்துக்குளிப்பில் வழங்கியது நான்காவது முறை. குளிப்பவர்களுக்கு எடுத்த சிப்பியில் ஒரு பங்கே ஊதியம். சிப்பியில் முத்து இருந்தால் லாபம், இல்லாவிட்டால் உழைப்பு வீண். கூரை வேலையில் இத்தகைய பங்கு முறைக்கு இடமில்லை. கூரை எதையும் விளைவிப்பதில்லை. அதனால் அதற்கான கூலி வீட்டுக்காரரின் கையிருப்பிலிருந்தோ கடனிலிருந்தோதான் வர வேண்டும்.

‘சதுரம்’ என்பது 100 சதுர அடி. மெட்ரிக் அளவில் இது 9.29 சதுர மீட்டர். அரசு அலுவலகங்கள் மெட்ரிக் முறைக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும், தமிழ்நாட்டில் வீடு கட்டுபவர்கள் சதுரக் கணக்கிலேயே பேசுகிறார்கள். இங்கிலாந்தின் பழைய தச்சு விலைப் புத்தகங்களிலும் பத்தடிக்குப் பத்தடி கொண்ட சதுரமே அலகு. அமெரிக்காவில் இன்றும் கூரை வேலையை 100 சதுர அடிச் சதுரத்தில்தான் பேசுகிறார்கள்.

சதுரக் கணக்கில் எளிதாக நேரும் பிழை, தரையின் பரப்பைக் கூரையின் பரப்பாக எடுத்துக்கொள்வது. 20 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட அறையின் தரை 2 சதுரம். அதன் மேல் 45 பாகைச் சரிவில் கூரை வைத்தால் கூரையின் பரப்பு 2.83 சதுரம் ஆகிறது. 30 பாகைச் சரிவில் 2.31 சதுரம். சுவருக்கு வெளியே நீளும் இறவாணத்தைச் சேர்த்தால் இது மேலும் கூடும். தரைக்கணக்கில் கூலி பேசிக் கூரைக்கணக்கில் வேலை செய்பவர், செங்குத்தான கூரையில் தன் உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கூலி இல்லாமல் போவதைக் காண்பார்.

ஓலைக் கூரை

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் செம்மண் தேரிகளிலும் கடற்கரை மணலிலும் பனை அடர்ந்து வளர்கிறது. வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை விட்டமாகவும் கைமரமாகவும் வரிச்சாகவும் ஆனது. ஓலை வேயப் பயன்பட்டது. கட்டுவதற்கு நாரும் அதே மரத்திலிருந்து கிடைத்தது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலிருந்தும் பனைமரம் தமிழகக் கரைகளுக்கு ஏற்றுமதியானது. ஆணியும் இரும்பும் இல்லாமலேயே ஒரு கூரையை முடிக்க முடிந்தது.

வெட்டிய ஓலையை விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாரம் வைத்துப் படிய விட வேண்டும். பிறகு இறவாணத்திலிருந்து முகட்டை நோக்கி வரிசை வரிசையாக வேய்வார்கள். மேல்வரிசை கீழ்வரிசையின் மீது படிந்தால்தான் நீர் உள்ளே இறங்காது. பேச்சு வழக்கில் இது ‘கூரை மேய்தல்’. மேலே ஏறிக் கட்டுபவர் ஒருவர், கீழிருந்து ஓலை எடுத்துக் கொடுப்பவர் ஒருவர், நார் கிழித்துத் தருபவர் ஒருவர் என்று வேலை பிரிந்தது. கட்டுபவர் மட்டுமே கூலி வாங்கும் கைவேலைக்காரராக இருப்பார். மற்ற இருவரும் பெரும்பாலும் வீட்டாரோ அக்கம்பக்கத்தாரோ ஆக இருந்தனர். அவர்களுக்குச் சோறு உண்டு, காசு இல்லை. அடுத்த மாதம் அவர்கள் வீட்டுக் கூரைக்கு இவர்கள் போவார்கள்.

இந்தக் கடனுழைப்பு எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. ஓலைக் கூரை மலிவானது என்று சொல்லும்போது, எழுதப்படாத இந்த உழைப்பைக் கழித்துவிட்டுத்தான் சொல்லப்படுகிறது. ஓலை சில ஆண்டுகளில் மக்கிவிடும். பழையதைப் பிரித்து, தூசியைத் தள்ளி, மீண்டும் வேய வேண்டும். ஓலைக் கூரையின் கூலி ஒருமுறை தீர்வதில்லை.

தீ இதன் மற்றொரு விலை. நெருக்கமான தெருவில் ஒரு வீட்டுக் கூரையில் பற்றும் நெருப்பு வரிசையாகப் பரவும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். அதன் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓலை, கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. மலிவான கூரை என்பதற்குப் பொருள் என்ன என்பதைத் தமிழ்நாடு முழுவதும் உணர்ந்த நிகழ்வு அது.

நாட்டு ஓடு

குயவர் சக்கரத்தில் வனைந்து இரண்டாகப் பிளந்து சுட்ட வளைந்த ஓடு, நாட்டு ஓடு எனப்பட்டது. இதை ஒரு வரிசை மல்லாத்தியும் அடுத்த வரிசை கவிழ்த்தும் அடுக்குவார்கள். ஓலையைவிடப் பாரம் அதிகம் என்பதால் கைமரங்கள் நெருக்கமாக வேண்டும். ஆகவே ஓடு வேய்பவரின் கூலிக்கு முன்பே ஆசாரியின் கூலி கூடிவிடுகிறது.

நாட்டு ஓடு தன் எடையால்தான் கூரையில் நிற்கிறது. காற்றும் பூனையும் அணிலும் அதை நகர்த்திவிடும். மழைக்கு முன் ஓட்டைப் பிரித்து, உடைந்ததை நீக்கி, சருகைத் தள்ளி, மறுபடி அடுக்குவது ‘ஓடு மாற்றுதல்’. இதுவும் ஆண்டுதோறும் திரும்பி வரும் கூலி. ஓட்டு வீட்டுக்காரர் புரட்டாசியில் ஓடு மாற்றுபவரைத் தேடுவது, ஓலை வீட்டுக்காரர் ஓலை தேடுவதைப் போலவே நடந்தது.

மெட்ராஸ் டெரஸ்

காரை வீடு கட்ட வசதி உள்ளவர்கள் தட்டையான சுண்ணாம்புத் தளத்தை அமைத்தனர். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பெயர்பெற்ற இந்த முறைக்கு இந்தியத் தர நிறுவனம் ஐ.எஸ். 2119 என்ற எண்ணில் தனி விதித்தொகுப்பே வெளியிட்டிருக்கிறது. தூத்துக்குடியின் பழைய வணிகத் தெருக்களில் இத்தகைய தளங்களை இன்றும் காணலாம்.

சுவரிலிருந்து சுவருக்குத் தேக்கு அல்லது வேறு உறுதியான மரச்சட்டங்களை ஏறத்தாழ ஒன்றரை அடி இடைவெளியில் வைப்பார்கள். அவற்றின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, சட்டங்களுக்குக் குறுக்குச்சாய்வாகச் சுண்ணாம்புக் காரையில் ஒட்டிச் செல்வார்கள். கீழே பலகை அடிக்கத் தேவையில்லை. முந்தைய கல்லில் ஒட்டிக்கொண்டே அடுத்த கல் நிற்கும். இதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பி, மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு பதித்துப் பூசுவார்கள்.

இதில் அடங்கிய உழைப்பை ஓர் எளிய கணக்கு காட்டும். தளக்கல் 6 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் கொண்டது. குத்தாக நிற்கும்போது அது தளத்தில் அடைக்கும் இடம் 6 அங்குலத்துக்கு 1 அங்குலம். மூட்டுக்குக் கால் அங்குலம் காரை விட்டால், ஒரு சதுரத்துக்கு ஏறத்தாழ 1,840 கற்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு கை எடுத்துக் கொடுக்க வேண்டும், இன்னொரு கை காரை தடவி ஒட்ட வேண்டும். 20 அடிக்கு 10 அடி அறை என்றால் 3,680 கற்கள்.

அடுத்தது அடிப்பு. மூன்று அங்குல ஜல்லிக் காரை என்பது சதுரத்துக்கு 25 கன அடி. சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தியமர்ந்து, கையளவு மரக்கட்டையால் இதை நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி அல்லது வெல்லம் கரைத்த நீரும் இடையிடையே தெளிக்கப்படும். கட்டை துள்ளி எழும் வரை, காரையில் தடம் பதியாத வரை அடிப்பு தொடரும். தளம் ஒழுகுமா ஒழுகாதா என்பதைத் தீர்மானித்தது இந்த அடிப்பே. கொத்தனாரின் பெயரால் அறியப்பட்ட தளம், கூலி ஏணியின் கடைசிப் படியில் இருந்த பெண்களின் கையால் உறுதிபெற்றது.

பட்டியலில் வராத செலவுகளும் இருந்தன. நிலை வைக்கும் நாளிலும் முதல் உத்திரம் ஏற்றும் நாளிலும் ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, காணிக்கை கொடுப்பது வழக்கம். கூலி வேறு, மரியாதை வேறு என்று சொல்லப்பட்டாலும், வீட்டுக்காரரின் கணக்கில் இரண்டும் ஒரே பையிலிருந்து போகும்.

கடல் கொடுத்த சுண்ணாம்பு

இத்தளங்களுக்கு வேண்டிய சுண்ணாம்பு சிப்பி, கிளிஞ்சல், பவளக்கல் ஆகியவற்றைச் சூளையில் சுட்டுப் பெறப்பட்டது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைக் கடப்பாரையால் பெயர்த்துப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தனர். கட்டடச் சுண்ணாம்புக்கும் பின்னாளில் தொழிற்சாலைகளுக்கும் இது சென்றது.

பெயர்ப்பவரின் கூலி, படகுக் கூலி, சூளைக் கூலி ஆகியவை சுண்ணாம்பின் விலையில் அடங்கின. பாறை விலையற்ற பொருளாகக் கருதப்பட்டதால் அதன் இழப்பு அடங்கவில்லை. அலையைத் தடுத்த பவளப்பாறை குறைந்ததும் தீவுகள் அரிக்கப்பட்டன. தூத்துக்குடிப் பகுதியின் விலாங்குச்சல்லித் தீவும் கீழக்கரைப் பகுதியின் பூவரசன்பட்டித் தீவும் நீருக்குள் மூழ்கிப்போயின. 1986-ல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

மங்களூர் ஓடு

1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியரின் முயற்சியால் உருவான இந்த ஓடு, ஒன்றோடொன்று கொக்கியாகப் பூட்டிக்கொள்ளும் பிரெஞ்சு ஓட்டின் வடிவத்தைப் பின்பற்றியது. மலபார்க் கரையின் களிமண்ணைக் கொண்டு பல தொழிற்சாலைகள் எழுந்தன. தூத்துக்குடிக்கு 1876-ல் ரயில் வந்தது, துறைமுகத்தில் கரையோரக் கப்பல் போக்குவரத்தும் இருந்தது. பாரமான ஓட்டைத் தொலைவிலிருந்து கொண்டுவர இவை உதவின.

ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 மங்களூர் ஓடுகள் போதும். சதுரக் கணக்கில் இது 140-ஐ ஒட்டி வரும். மெட்ராஸ் டெரஸில் 1,840 முறை கையசைக்க வேண்டிய இடத்தில் இங்கே 140 முறை. ஓடு பூட்டிக்கொண்டு நிற்பதால் ஆண்டுதோறும் மாற்றவும் தேவையில்லை. உடைந்ததை மட்டும் மாற்றினால் போதும்.

ஆனால் ஓடு ஒரே அளவில் வருவதால் அதைத் தாங்கும் ரீப்பர்களும் பிசகாத இடைவெளியில் இருக்க வேண்டும். கோணலான பனை வரிச்சு இதற்கு உதவாது. இழைத்த மரமும் அளவு தவறாத ஆசாரியும் வேண்டும். வேய்பவரின் கூலி குறைந்தது, தச்சுக் கூலி கூடியது. கூரைக்கான உழைப்பின் பெரும்பகுதி தூத்துக்குடியிலிருந்து மலபாரின் சூளைகளுக்கு இடம்பெயர்ந்தது. உள்ளூர்க் குயவருக்கு ஓட்டுத் தொழிலில் கிடைத்த வருமானம் சுருங்கியது.

மராமத்து இலாகாவும் விகிதப் பட்டியலும்

சென்னை மாகாணப் பொதுப்பணித் துறை 1858-ல் உருவானது. சுங்க அலுவலகம், கிடங்கு, பள்ளி, மருத்துவமனை என்று அரசுக் கட்டடங்கள் பெருகியபோது, ஒரே வேலைக்கு ஊருக்கு ஊர் வேறு கூலி எழுதுவதைத் தணிக்கை ஏற்கவில்லை. அதற்குத் தீர்வாக வளர்ந்ததே விகிதப் பட்டியல். ஒரு குறிப்பிட்ட அளவு வேலைக்கு எவ்வளவு செங்கல், எவ்வளவு சுண்ணாம்பு, எத்தனை கொத்தனார், எத்தனை ஆசாரி, எத்தனை மஸ்தூர் என்பதைத் தரவுத் தாளில் நிலையாக எழுதிவைப்பார்கள். அந்த ஆண்டின் கூலி விகிதத்தால் பெருக்கினால் வேலையின் விலை வந்துவிடும். தமிழ்நாட்டில் இந்த முறை இன்றும் தொடர்கிறது.

இம்முறையில் உழைப்பின் அளவு நிலையானது, மாறுவது விலை மட்டும். ஓர் அறைக்கு மூன்றே முக்கால் கொத்தனார் என்று தாளில் எழுத முடியும். கூரையில் முக்கால் கொத்தனார் ஏற முடியாது. சிறிய வேலைகளுக்குப் பட்டியல் விலை போதாமல்போவதற்கு இது ஒரு காரணம். மழையில் நின்ற நாள், பொருள் வராமல் காத்திருந்த நாள், சாரம் கட்டிப் பிரித்த நேரம் ஆகியவையும் சராசரிக்குள் மறைந்துவிடுகின்றன.

மஸ்தூர்கள் முதல் வகை, இரண்டாம் வகை என்று பட்டியலில் பிரிக்கப்பட்டனர். நடைமுறையில் பல இடங்களில் இரண்டாம் வகை என்றால் பெண் என்றே பொருள்கொள்ளப்பட்டது. தளம் அடித்த கைகள் தாளில் இந்த வரியில்தான் இடம்பெற்றன.

பட்டியலுக்கு வெளியே கூலி என்பது பேரத்தால் மாறக்கூடியது என்பதைத் தூத்துக்குடி 1908-லேயே கண்டிருந்தது. வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்ற கோரல் மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் கூலி உயர்வையும் வார விடுமுறையையும் பெற்றனர். ஆலையில் ஒரே வாயிலில் நுழையும் நூற்றுக்கணக்கானோர் ஒன்றுகூட முடிந்தது. நான்கு பேராக வெவ்வேறு கூரைகளில் வேலை செய்யும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அத்தகைய வாய்ப்பு எளிதில் அமையவில்லை.

கான்கிரீட்

விடுதலைக்குப் பின் சிமெண்டும் இரும்புக் கம்பியும் பரவலாகக் கிடைத்தன. 1974-ல் தூத்துக்குடியின் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம் ஆகியவை வந்தன. இந்தக் கட்டுமானங்களில் கம்பி கட்டவும் பலகை அடிக்கவும் பழகியவர்கள் ஊர்ப்புறங்களிலும் கான்கிரீட் வேலையைப் பரப்பினர்.

கான்கிரீட் தளத்தின் கூலி மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. முட்டுக்கொடுத்துப் பலகை அடிப்பது சதுரக் கணக்கு. கம்பி வளைத்துக் கட்டுவது எடைக் கணக்கு. கான்கிரீட் போடுவது ஒரு நாள் வேலைக்கு ஆள் கணக்கு அல்லது மொத்தக் கூலி. ஐந்து அங்குலத் தளத்துக்குச் சதுரத்துக்கு ஏறத்தாழ 42 கன அடி கலவை வேண்டும். இதைத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது என்பதால் இருபது முப்பது பேர் ஒரே நாளில் வருவார்கள். அன்றைக்கு டீயும் வடையும் சாப்பாடும் வீட்டுக்காரர் செலவு.

அந்த ஒரு நாளின் வேகம் கண்ணில் படுவதால் கான்கிரீட் வேலை விரைவானது என்ற எண்ணம் ஏற்படுகிறது. ஆனால் பலகை அடிக்கவும் கம்பி கட்டவும் முன்பே பல நாட்கள் ஆகியிருக்கும். பிறகு தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்த வேண்டும். முட்டை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. சிறிய அகலத் தளத்துக்கே 7 நாட்களும், நாலரை மீட்டருக்கு மேற்பட்ட அகலத்துக்கு 14 நாட்களும் முட்டு நிற்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. வாடகைப் பலகையை விரைவில் திருப்பிவிட எண்ணி இந்த நாட்களைக் குறைப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

கடற்கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. உப்புக் காற்றும் உப்பு கலந்த மணலும் நீரும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்து, கம்பியை மூடிய காரையைப் பெயர்த்துத் தள்ளும். தரம் குறைந்த தளத்தில் சில ஆண்டுகளிலேயே கீழ்ப்பூச்சு உதிர்ந்து கம்பி தெரியத் தொடங்கும். ஒருமுறை போட்டால் தீர்ந்தது என்று நம்பப்பட்ட கூரையிலும் கூலி திரும்பி வருகிறது.

முப்பது ஆண்டுக் கணக்கு

ஓர் ஆள் ஒரு நாள் செய்யும் வேலை ஓர் ஆள்நாள். ஒரு சிறிய வீட்டின் ஓலைக் கூரைக்கு 8 ஆள்நாளும், அதே வீட்டின் சுண்ணாம்புத் தளத்துக்கு 80 ஆள்நாளும் ஆவதாகக் கொள்வோம். இவை கணக்கின் போக்கைக் காட்ட எடுத்துக்கொண்ட எண்கள் மட்டுமே. முதல் நாளில் தளம் பத்து மடங்கு செலவாகத் தோன்றும். ஓலையை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் 30 ஆண்டில் 15 முறை, அதாவது 120 ஆள்நாள். நீண்ட கணக்கில் ஓலையே அதிக உழைப்பைக் கேட்கிறது.

இது தெரியாமல் மக்கள் ஓலையைத் தேர்ந்தெடுக்கவில்லை. 8 ஆள்நாளை வீட்டாரும் அண்டைவீட்டாரும் சேர்ந்து கொடுத்துவிட முடியும். 80 ஆள்நாளுக்கான காசை ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது. மீன்பாடும் உப்பளக் கூலியும் நாளுக்கு நாள் மாறும் கரையில், சிறுகச் சிறுகச் செலுத்தக்கூடிய கூரையே கைக்கெட்டிய கூரை. ஏழையின் கூரை மலிவானதாகத் தோன்றுவது, அதன் விலையை அவர் வாழ்நாள் முழுவதும் தவணையாகச் செலுத்துவதால்தான்.

சட்டமும் அரசுத் திட்டங்களும்

1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கட்டட வேலையையும் தன் அட்டவணையில் சேர்த்தது. 1976-ல் ஆண், பெண் இருவருக்கும் ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் தரும் சட்டம் வந்தது. ஆயினும் கலவை சுமக்கும் சித்தாள் பெண்ணுக்குத் தரப்படும் நாள் கூலி, உடன் நிற்கும் ஆண் கையாளின் கூலியைவிடக் குறைவாக இருப்பது பரவலான வழக்கம். 1994-ல் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. விபத்து, ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றுக்கு அது உதவி வழங்குகிறது. 1996-ன் மத்தியச் சட்டம் கட்டுமானச் செலவில் 1 முதல் 2 சதவீதம் வரை நல வரி விதிக்க வழிசெய்தது. கூரையிலிருந்து விழும் ஆபத்து, கூலிக் கணக்கில் முதன்முறையாக ஒரு வரியாக ஏறியது இவ்வாறுதான். ஆனால் சிறிய சொந்த வீடுகள் இச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை.

2016-ல் தொடங்கிய ஊரகப் பிரதமர் வீட்டுத் திட்டத்தில், சமவெளிப் பகுதி வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதோடு நூறு நாள் வேலைத் திட்டத்தின் வழியாக 90 ஆள்நாள் கூலியும் சேர்க்கப்பட்டது. பயனாளி தன் சொந்த வீட்டில் செய்யும் கையாள் வேலைக்கும் கூலி உண்டு என்று அரசு ஏற்றுக்கொண்ட இடம் இது. ஓலை மேய்ந்த காலத்தில் எழுதப்படாமல்போன உழைப்பு இங்கே எண்ணாக எழுதப்பட்டது. கான்கிரீட் கூரைக்கு அந்தத் தொகை போதாது என்பதால் தமிழ்நாடு அரசு கூரைக்கென்றே தனித் தொகை சேர்த்து வழங்கியது.

2024-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம், 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாட்டை இலக்காகக் கொண்டது. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், பரப்பு 360 சதுர அடி. இதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரையும், எஞ்சிய 60 சதுர அடிக்குப் பயனாளி விரும்பும் வேறு தீப்பிடிக்காத கூரையும் அமைக்கலாம். கொத்தனார் மொழியில் இது மூன்று சதுரத் தளம். கொத்தனார், ஆசாரி, கம்பி கட்டுபவர் ஆகியோரின் சந்தைக் கூலி உயரும்போது, ஒதுக்கிய தொகைக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள இடைவெளியை வீட்டுக்காரரே நிரப்ப வேண்டியிருக்கிறது. ஓலைக் கூரை முப்பது ஆண்டுகளில் சிறுகச் சிறுகக் கேட்ட உழைப்பை, கான்கிரீட் சில வாரங்களில் காசாகக் கேட்கிறது.

இன்று இக்கரையில் ஓலை வேயத் தெரிந்தவர்களும் தளம் அடிக்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டனர். பழைய மெட்ராஸ் டெரஸ் ஒழுகினால், அதைச் சுண்ணாம்பால் சீர்செய்யும் கொத்தனார் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அவருடைய கூலியை எந்தப் பட்டியலையும் கொண்டு கணிக்க முடியாது. பெரும்பாலும் சிமெண்டைப் பூசிச் சமாளிக்கிறார்கள், அல்லது தளத்தை இடித்துக் கான்கிரீட் போடுகிறார்கள்.